கைகோர்த்த கடிகாரம்

என் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் சலாம் சொல்வார்கள். சிரிக்கட்டும் என்றுதானே செய்து வைத்திருக்கிறேன்! பூபூ அங்கி மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படிக்கிற சேவல், அது ஒரு சுவர்க்கடிகாரம். ஆடு ஓட்டுகிற மினிபஸ், அதன் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கேட்கிற செம்மறி, அது ஒரு தேநீர்த் தட்டு. சலூன் நாற்காலியில் பிடரியைக் கொடுத்துவிட்டுக் கவலையோடு உட்கார்ந்திருக்கிற சிங்கம், அது முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டம். எங்கள் ஊர் ருஃபிஸ்க் சந்தையில் போய் திபோர் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். "அந்தக் கிறுக்கு ஆடு வரையறவளா?" என்று கை காட்டுவார்கள்.

எல்லாமே கண்ணாடியின் முதுகில் தீட்டி, முகத்தைத் திருப்பிப் பார்க்கிற வேலை. அதனால் எதையும் தலைகீழ் வரிசையில்தான் செய்ய வேண்டும். முதலில் கண்ணின் மினுக்கம், பிறகு கண்மணி, பிறகு முகம், கடைசியில்தான் வானம். ஒரு கோடு தப்பிப் போனால் அது எல்லா வண்ணத்துக்கும் அடியில் போய்ப் புதைந்துவிடும். சரி செய்ய வேண்டும் என்றால் வானத்தைச் சுரண்டி, சுவரைச் சுரண்டி, உடையைச் சுரண்டித்தான் உள்ளே போக முடியும். அதோடு இடம் வலமாகும், வலம் இடமாகும். ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் அதை மறுபக்கமாகப் புரட்டித்தான் வரைவேன். அப்போதுதான் முன்னாலிருந்து பார்க்கும்போது படம் போலவே இருக்கும். இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசித்துச் செய்வதில்லை. யோசித்திருக்கலாம்.

மரேம் என் அண்ணன் மகள். அண்ணன் போன பிறகு என்னிடம்தான் வளர்ந்தாள். மழலைப் பள்ளியில் டீச்சர். அவளுக்கு அசானைப் பிடித்திருந்தது. படகு மோட்டார் பழுது பார்க்கிறவன், கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் பிடித்தது. பிடிக்காதது அவனுடைய அத்தையை மட்டும்தான். அஜா கினே! ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், நெடுநெடுவென்று உயரம், நாக்கு அதைவிட நீளம். அந்த வீட்டில் உப்பு எவ்வளவு போடுவது என்பதுகூட அவர் சொல்லித்தான். அசானுடைய அம்மா அஸ்து அந்த வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே சந்தேகம் வரும். பேசிப் பார்த்ததே இல்லை. சலாமுக்குப் பதில் வரும், அவ்வளவுதான்.

கல்யாணத்தை மழைக்காலம் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். அஜா கேட்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமையே என்று ஒற்றைக் காலில் நின்றார். அதையும் என் கடைக்குள் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஏன் அஜா இவ்ளோ அவசரம்? பொண்ணுக்கு ஒரு நல்ல துணி தைக்கக்கூட நேரமில்ல."

"துணி தைக்க நேரம் பாத்தா மாப்பிள்ளைக்கு வயசாயிடும். சரி, என்ன குடுக்கப் போற நீ? ஆட்டுக்குட்டி பஸ் ஓட்டற தட்டா? நாலு பேர் பாத்து மதிக்கற மாதிரி ஏதாவது பண்ணு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதே இடத்தில் உட்கார்ந்து வரைந்து காட்டினேன். கூஸ்கூஸ் பரிமாறுகிற தாம்பாளம் அகலத்துக்கு ஒரு வட்டக் கடிகாரம். எண்கள் கிடையாது, அவற்றின் இடத்தில் பன்னிரண்டு மீன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான தலைப்பாகை. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோர்த்து நிற்பார்கள். கோர்த்த கையிலிருந்துதான் இரண்டு முள்ளும் கிளம்பும். அஜா வாயைத் திறக்காமல் பார்த்தார். அவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவர் தருகிற பாராட்டு.

படம் வேண்டுமே! மரேமும் அசானும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, திரையில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு, வலக்கையோடு வலக்கை கோர்த்து ஒன்று எடுத்து அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருந்தது. வழக்கம் போலப் புரட்டி வரைந்தேன். மரேமின் கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை. வேலை செய்யும்போது கண்ணாடியின் முதுகுப் பக்கத்திலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது எப்படித் தெரிவாளோ அப்படியே. எனக்குப் பெருமையாக இருந்தது. உலர்ந்ததும் மெஷின் பொருத்தி, வெள்ளைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, நானே கொண்டுபோய் அஜா வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மரேமுக்கு ஒப்பனை ஒத்திகை. வந்த பெண் அவள் முகத்தைத் தூக்கிப் பிடித்து, இடக் கன்னத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

"இந்த மச்சத்த மறைச்சிடவா, இல்ல அப்படியே விடவா?"

"விட்டுடு, அத்தை அதையும் வரைஞ்சிருக்காங்க," என்றாள் மரேம்.

நான் சிரித்தேன். சிரித்தபடியே அந்த விரலைப் பார்த்தேன். இடக் கன்னம். என் கடிகாரத்தில் மச்சம் எந்தப் பக்கம்? முன்னாலிருந்து பார்த்தால்... வலக் கன்னம்.

மரேமின் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தேன். அதிலும் மச்சம் வலக் கன்னத்தில்தான். பாழாய்ப்போன போன், முன்பக்கக் கேமரா, முகம் பார்க்கும் கண்ணாடி போல எல்லாவற்றையும் ஏற்கெனவே மாற்றிப் போட்டிருக்கிறது! நான் அதை நம்பி அச்சு அசலாக வரைந்து வைத்திருக்கிறேன். கண்ணாடியின் முதுகிலிருந்து பார்க்கும்போது தெரிந்த ஆள் கோணலாகத் தெரிய வேண்டும். சரியாகத் தெரிந்தால்தான் ஆபத்து. எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறேன், அவள் என்னைப் பார்த்துச் சரியாகச் சிரித்தாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே!

மச்சம் போகட்டும். கை? என் கடிகாரத்தில் இரண்டு பேரும் கோர்த்திருப்பது இடக்கை.

எங்கள் பக்கம் இடக்கையை ஒரே ஒரு நேரத்தில்தான் கோர்ப்போம், ஒருவர் நெடுந்தூரம் கிளம்பும்போது. தப்பான கையைக் கொடுத்துவிட்டோமே, அதைச் சரி செய்யவாவது ஆள் திரும்பி வந்தாக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. விமான நிலையத்தில் பார்க்கிற கை அது, படகுத்துறையில் பார்க்கிற கை. கல்யாணக் கடிகாரத்தின் நட்டநடுவில், முள் கிளம்புகிற இடத்தில், ஊரே பார்க்கிற மாதிரி நான் ஒரு பிரிவை வரைந்து கொடுத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் புகுந்த வீட்டு வாசலில் பால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள் என்று இன்றைக்கும் அவளைப் 'பால் கொட்டினவள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது கை தவறிக் கொட்டியது. இது அத்தைக்காரி உட்கார்ந்து நாள்கணக்காக வரைந்தது. மரேமை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அஜா கினே அவளை வாழ விடுவாரா?

மரேமிடம் சொல்லவில்லை. புதுக்கண்ணாடி வரைய நேரமில்லை, வண்ணம் உலராது. ஒரே வழிதான் தோன்றியது. கோர்த்த கையை மறைக்கிற அளவுக்கு ஒரு பித்தளை வில்லையைத் தேடி எடுத்து, பளபளவென்று தேய்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டு அஜா வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் அஸ்து முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அஜா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஜா, அந்தக் கடிகாரத்த ஒரு நிமிஷம் பாக்கணும்."

"எதுக்கு?"

"முள்ளு கொஞ்சம் ஆடுது."

"துணியில சுத்தி என் கட்டிலுக்கு அடியில இருக்கு. அது ஆடுதுன்னு உனக்கு உன் கடையிலேர்ந்து தெரிஞ்சுதா?"

வில்லையை வெளியே எடுத்தேன்.

"இல்ல... நடுவுல இத வெச்சா எடுப்பா இருக்கும்னு."

அஜா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கைகோத்து நிக்கற மாதிரி வரையறேன்னு சொல்லிட்டு, கைக்கு மேல மூடி போட வந்திருக்கா! இத உன் ஆட்டுக்குக் கம்மலா மாட்டு, போ. கட்டின முடிச்ச முன்னாடியே அவுத்தா ஆகாது. நாளைக்கு எல்லார் முன்னாடியும்தான்."

அஸ்து ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிவாசலில் ஆண்கள் கூடி நிக்காஹ் ஓதி முடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் பெண்களெல்லாம் குலவையிட்டார்கள். வெயில் தணிவதற்குள் மரேமை அழைத்துக்கொண்டு அஜா வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய ஜனம். மீன்சோற்று வாசனையும் சாம்பிராணிப் புகையும் கலந்து அடித்தது. மரேம் மெல்லிய முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். எதிரே விறைப்பான நீல அங்கியில் அசான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கல்யாணக் களைப்பு என்று நினைத்தேன்.

பரிசுகள் ஒவ்வொன்றாக வந்தன. புகழ் பாடுகிற பெண் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, கொடுத்தவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பாடினாள். வெள்ளைத் துணி மூட்டையை உள்ளேயிருந்து கொண்டு வரும்போது நான் பாய்ந்து எழுந்தேன்.

"கனமா இருக்கும், குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்."

வாங்கிய கையோடு கீழே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அதுதான் நல்ல முடிவு என்று தோன்றியது.

"நீ உக்காரு, திபோர்," என்றார் அஜா. உட்கார்ந்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது. முதலில் சிரிப்பு வெடித்தது. தலைப்பாகை கட்டிய மீன்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். "அந்த மூணு மணி மீனு எங்க மாமனார் மாதிரியே இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் கண்கள் நடுவுக்குப் போயின. முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அடுத்த வரிசையிலும் நின்றது. ஒருத்தி தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்து, இடக்கையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்திலிருந்தவள் காதில் குனிந்தாள். பாடுகிற பெண் என் பெயரில் ஆரம்பித்த பாட்டைப் பாதியில் விட்டுவிட்டாள்.

நான் எழுந்து நின்றேன். "அது வந்து... அந்த போன் கேமரா இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

அஜா என்னைத் திட்டவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. கிட்டே வந்து, குரலை அடக்கிக் கேட்டார். அடக்கியும் என்ன? கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"என்ன சொன்னா?"

"நடிக்காத. இவன் நாளைக்குக் கிளம்பறான்னு யாரு சொன்னா? அந்தப் படகுக்காரனா? அதுக்குத்தான நேத்து ஓடி வந்து நோட்டம் பாத்த?"

"அத்தை!" என்று அசான் கத்தினான். கத்தி என்ன பிரயோஜனம்?

மரேம் முக்காட்டைத் தானே விலக்கினாள். மணப்பெண் அப்படிச் செய்யக் கூடாது. யாரும் தடுக்கவில்லை.

"எங்க கிளம்பற அசான்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஸ்பெயினுக்கு."

"எதுல?"

"படகுல. மோட்டார் பாத்துக்க ஆள் வேணும்னாங்க. எனக்கு இடம் சும்மாவே தராங்க."

இந்தக் கரையிலிருந்து திருட்டுத்தனமாகக் கிளம்புகிற படகுகளில் எத்தனையோ ஸ்பெயினைப் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமையிலிருந்து நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. ஊர் பேசுமே, பேர் வைக்குமே என்றுதான் பயந்தேன். கடலை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அஜா சமாளித்துக்கொண்டார். குரல் பழையபடி உயர்ந்தது.

"இதுல என்ன தப்பு? ஊர்ல யாரும் பண்ணாததா? கல்யாணம் பண்ணி வெச்சுட்டா வீட்டு நெனப்பு இருக்கும், பணம் அனுப்புவான், திரும்பி வருவான். அது வரைக்கும் நீ இங்க மாமியாருக்கு ஒத்தாசையா இரு. புருஷனுக்காகக் காத்திருக்கற பொண்ணுங்க இந்தத் தெருவுலயே எத்தனையோ பேரு. ஒருத்தியும் செத்துடல."

"நான் ஒங்ககிட்ட கேக்கல, அஜா," என்றாள் மரேம். பள்ளியில் குழந்தைகளிடம் பேசுகிற அதே குரல். "அசான், என்கிட்ட எப்ப சொல்றதா இருந்த?"

"போய்ச் சேந்ததும் போன் பண்ணலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ அழுவ. அழுதா என்னால போக முடியாது."

"சரி. போய்ச் சேரலேன்னா எனக்கு யாரு போன் பண்ணுவா?"

என் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"யாரும் பண்ண மாட்டாங்க, மவளே."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினோம். கூடத்து மூலையில், பாயில், அஸ்து.

"மொமாரும் இப்படித்தான் சொன்னான். சேந்ததும் போன் பண்றேம்மான்னான். அதுக்காக என் போன நான் இன்னும் தலைமாட்டுல வெச்சுத்தான் படுக்கறேன். சார்ஜு இறங்க விட்டதே இல்ல."

மொமார் அவருடைய மூத்த மகன். மொமார் ஸ்பெயினில் இருக்கிறான், ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை, நல்ல வேலை. இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அஜா சொல்லித் தெரிந்த விஷயம். சந்தையில் அஸ்துவைப் பார்க்கும்போதெல்லாம் "மொமார் சௌக்கியமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டியிருக்கிறார். அதை நினைத்ததும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"அஸ்து, வாய மூடு. சபையில என்ன பேசற?" என்றார் அஜா. அதில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"மூடித்தான் வெச்சிருந்தேன், அண்ணி. நாலு வருஷமா மூடித்தான் வெச்சிருந்தேன். நீங்க சொன்னீங்க, நாம அழுதா அவன் செத்துட்டதா ஆயிடும், அழாதேன்னு. சரின்னேன். இவனுக்கும் அப்படியே மூடிக்க முடியுமான்னு பாத்தேன். முடியல."

அஜா நின்ற இடத்திலேயே நின்றார். அவ்வளவு உயரமான பெண், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரும் நாலு வருஷமாக அந்தப் பையனைத்தான் ஆரஞ்சுத் தோட்டத்தில் உயிரோடு வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.

மரேம் எழுந்தாள். என்னோடு திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்து நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். வாசல் பக்கம் இருந்த பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் வாசலுக்குப் போகவில்லை. தங்கச் சரிகை போட்ட அவ்வளவு துணியையும் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டிப் போய், மூலையில் அந்தப் பாயில், அஸ்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அஸ்துவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாலு வருஷத்து அழுகை அங்கே வெளியே வந்தது. கூடத்தில் அழாதவர்கள் யாருமில்லை. "எல்லாம் அந்த போன் கேமராவால..." என்று நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். எவரும் காதில் வாங்கவில்லை.

அசான் எழுந்தான். பிறகு போய் இருவருக்கும் முன்னால், கஞ்சி போட்ட அங்கி கசங்குகிறதே என்றுகூடப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"நான்தான், அசான்... இல்ல, நாளைக்கு நான் வரல... இல்லண்ணே, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. என் அம்மா பக்கத்துல இருக்காங்க... வேற யாரையும் ஏத்தாதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?... சரி."

அவன் பேச ஆரம்பிக்கும்போதே அஸ்து கையை நீட்டி அவன் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் பேசி முடித்து, போனைப் பையில் போட்ட பிறகும் அவர் அதை விடவில்லை.